அடுத்தவர் சுருட்டு

ஜெரோம் தன் வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனாலும் சுருட்டு பிடிக்கிறவர்களின் மரியாதைகளை அவன் கரைத்துக் குடித்திருந்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அவனுடைய பிழைப்பே அதுதான்.

திருவிடந்தையைத் தாண்டி, மாமல்லபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்பை அழித்துக் கட்டிய ஒரு ரிசார்ட். பெயர் நமக்கு எதற்கு? அங்கே கடலைப் பார்த்தபடி மரப்பலகை போட்ட ஒரு திறந்த தளம் இருக்கிறது. மேலே ஓலைக் கூரை, கீழே பிரம்பு நாற்காலிகள். புகை பிடிப்பதற்கென்றே ஒதுக்கிய இடம். ஊரில் யாராவது சுருட்டு பற்றவைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்கிறவர்கள் இங்கே வந்து ‘சிகார்’ என்று சொல்லி, கண்ணை மூடி, வாசனையைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்வதுதான் ஜெரோமின் வேலை.

பழக்கிக் கொடுக்க பம்பாயிலிருந்து ஓர் ஆசாமி வந்திருந்தார். அவர் சொன்னதையெல்லாம் கேட்டபோது இது சுருட்டா சாமி சிலையா என்று ஜெரோமுக்கே சந்தேகம் வந்துவிட்டது. முனையை ஒரே வெட்டில் வெட்ட வேண்டுமாம். நீளத் தீக்குச்சியால்தான் பற்றவைக்க வேண்டுமாம், அதுவும் நெருப்பு சுருட்டைத் தொடாமல் பக்கத்தில் காட்ட வேண்டுமாம். ஓயாமல் சாம்பலைத் தட்டுவது அநாகரிகம். பிடித்து முடித்ததை நசுக்கி அணைப்பது அதைவிட அநாகரிகம்; கிண்ணத்தில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு அணைந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னார். பற்றவைத்த பிறகு அது விருந்தாளியின் சொத்து. வேலைக்காரன் விரல் அதில் படவே கூடாது. கீழே விழுந்தாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடப்பாக்கத்தில் ஜெரோம் பார்த்து வளர்ந்த மரியாதை வேறு மாதிரி. நெருப்பு கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. பெரியவர் முன்னால் பிடிக்கக்கூடாது. பெரியவருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளை புகைக்கிற இடத்துக்குள் அவர் திடுதிப்பென்று நுழையக்கூடாது, தூரத்திலேயே ஒரு கனைப்பு கனைக்க வேண்டும். பிள்ளை அவசரமாக அணைப்பான், பெரியவர் ஒன்றும் அறியாத முகத்தோடு வந்து உட்காருவார். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் இரண்டு பேர் மானமும் மிஞ்சும்.

இந்தக் கனைப்பெல்லாம் சொந்த வீட்டுக்குள்தான். தோப்புக்காரர்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. ஜெரோமின் அப்பா சடையப்பன் கூலிக்குச் சவுக்கு வெட்டியவர். தோப்புக்காரர் வரப்பில் தலை காட்டினால் போதும், வாயில் இருக்கும் சுருட்டு நெருப்போடு உள்ளங்கைக்குள் போய்விடும், கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். தோப்புக்காரர் நின்று நாலு வார்த்தை பேசினால் நாலு வார்த்தையும் முடிகிறவரை நிற்க வேண்டியதுதான். சடையப்பனின் உள்ளங்கையில் ஜோசியக்காரன் ரேகை பார்க்க முடியாது, அப்படித் தழும்பு. அவர் கோவிலுக்குப் போகிறவர். சர்ச்சுக்குப் போன அம்மாதான் பிள்ளைக்கு ஜெரோம் என்று பெயர் வைத்தாள். சுருட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியவளும் அவள்தான்.

இப்போது ஜெரோமுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. ரிசார்ட்டில் இத்தனை வருஷமும் ஒப்பந்த ஆள்தான். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீட்டில் உட்கார வேண்டும், திரும்பக் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. கூப்பிடாமல் போனவர்கள் பலபேர். அந்த ஒரு மாதம் அவனுக்குச் சோறு இறங்காது. இந்தத் தடவை மேனேஜர் ஸ்ரீதேவி அவனைக் கூப்பிட்டு, “திங்கக்கிழமை உங்க பெர்மனென்ட் ஆர்டர்ல சைன் ஆகுது. அதுவரைக்கும் உங்க பேர்ல ஒரு கம்ப்ளைன்ட் வராம பாத்துக்கங்க, ஜெரோம்” என்று சொல்லியிருந்தாள். அவள் மிரட்டுகிற ரகம் இல்லை, உள்ளதைச் சொல்கிறவள். போன மாதம்தான் டியூட்டி நேரத்தில் சமையலறைக்குப் பின்னால் சிகரெட்டோடு மாட்டிய ஒருவனை அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தாள்.

அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் மத்தியானம்தான் வந்து இறங்கியிருந்தது. மறுநாள் பக்கத்து மண்டபத்தில் அந்த வீட்டுப் பெரியவருக்கு சதாபிஷேகம். அவருடைய மகன் கிரிதர் மட்டும் தனியாகத் தளத்துக்கு வந்தார். பெங்களூரில் பெரிய வேலை, ஐம்பதைத் தாண்டிய வயது, முன்பக்கம் வழுக்கை. சட்டைப்பையிலிருந்து தானே கொண்டுவந்த சுருட்டை எடுத்தார்.

“அப்பா தூங்கறார். மானசாவை வாசல்ல காவல் வெச்சுட்டு வந்திருக்கேன்” என்று சிரித்தார். மானசா அவர் மனைவி.

ஜெரோம் வெட்டிக் கொடுத்தான், தீக்குச்சியைக் காட்டினான். கிரிதர் இரண்டு இழுப்பு இழுத்ததும் பேச்சு தானாக வந்தது. “காலேஜ்லேர்ந்து பிடிக்கறேன். இன்னிவரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது, தெரியுமா? மாடிப்படி ஏறும்போதே அவருக்குத் தொண்டை கமறும். அந்தச் சத்தம்தான் எனக்கு அலாரம்.”

ஜெரோம் தலையை ஆட்டிக்கொண்டான். முப்பது வருஷமாக மாடிப்படியில் மட்டும் கமறுகிற தொண்டை எதற்குக் கமறுகிறது என்று இவ்வளவு படித்தவருக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தான். விருந்தாளியிடம் சொல்கிற விஷயமா அது?

காற்று கடலிலிருந்து அடித்ததால் கிரிதர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதனால் மணலில் வந்த ஆளை முதலில் பார்த்தது ஜெரோம்தான். பஞ்சகச்சம், நெற்றி நிறைய நாமம், தோளில் அங்கவஸ்திரம், கையில் தடி. மணலில் காலடிச் சத்தம் ஏது? படியில் கால் வைக்கிற தூரத்துக்கு வந்துவிட்டார். கனைக்கவும் இல்லை. தன் பிள்ளை இங்கே இருப்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

“சார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் திறப்பதற்குள் கை போய்விட்டது. கிரிதரின் விரலிடுக்கிலிருந்து சுருட்டை உருவி, நெருப்பை உள்பக்கமாக மடக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். இன்னொரு கை சாம்பல் கிண்ணத்தைத் தள்ளி மேஜைக்குக் கீழே வைத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்பார்களே, அதை ஜெரோம் கண்ணிமைக்கிற நேரத்தில் செய்து முடித்தான்.

கிரிதர் கோபமாக நிமிர்ந்தார். அதற்குள் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“கிரி, இங்கேயா இருக்கே?”

அவர் துள்ளி எழுந்தார். “அப்பா! தூங்கலையா?”

“தூக்கம் எங்கே வரது. கோவில் கோபுரம் தெரியறதான்னு பாக்கலாம்னு பின்பக்கமா நடந்தேன்.” பெரியவர் வேதாந்தம் மெதுவாகப் படியேறி, மூச்சு வாங்க, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். எண்பது வயது. கோவிலில் கோஷ்டியோடு நின்று பாசுரம் சேவித்தே தேய்ந்த குரல்.

ஜெரோமின் உள்ளங்கையில் சூடு ஏறியது. முதலில் வெந்நீர் பட்ட மாதிரிதான் இருந்தது. கீழே போடலாமென்றால் மரத்தளம், காற்று வேறு. நகரலாமென்றால் புகை பின்னாலேயே வரும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, உதறவும் முடியாது.

“நாளைக்கு கலசம் வெக்கற எடத்துல வெயில் விழுமோன்னு இருக்கு” என்றார் வேதாந்தம்.

“பந்தல் போட்டிருக்கா அப்பா.”

“அத்வைத்தும் ரக்ஷாவும் கார்த்தாலே எழுந்துப்பாளா?”

“எழுப்பிடலாம்.”

பேரப்பிள்ளைகள் எழுந்திருப்பார்களா, சமையல்காரர் வந்துவிட்டாரா, மாலை எத்தனை மணிக்கு வரும். ஒவ்வொரு கேள்விக்கும் கிரிதர் பதில் சொன்னார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் கண் ஜெரோமின் முகத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் திரும்பிப் போனது. ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அப்பாவை எழுப்பி அழைத்துக்கொண்டு போகலாமே என்று ஜெரோம் மனசுக்குள் கெஞ்சினான். கை இப்போது எரிந்தது. வியர்வை காது ஓரமாக இறங்கியது.

வேதாந்தம் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை உயர்த்தினார். “என்னடா நெடி?”

“இங்கே... யாராவது பிடிச்சிருப்பா. ஹோட்டல்தானே.”

நெருப்பில்லாமல் புகையுமா? ஜெரோமின் தோளுக்கு மேலே ஒரு நூல் புகை எழுந்து, கூரையில் முட்டி, கலைந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். பிறகு ஜெரோமைப் பார்த்தார். பிறகு தன் பிள்ளையின் வெறும் கையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீதேவி வர வேண்டுமா? நாளைய பூ அலங்காரம் பற்றிக் கேட்கக் கையில் போனோடு வந்தவள், பெரியவருக்குக் கும்பிடு போட்டாள். நிமிர்ந்தவள் கண்ணில் புகை பட்டது.

“ஜெரோம், கையில என்ன?”

அவன் அசையவில்லை.

“முன்னால கொண்டாங்க.”

கொண்டுவந்தான். விரல்களைப் பிரிக்க முடியவில்லை, இடது கையால் பிரித்தான். பாதி தீர்ந்த சுருட்டு, முனையில் சிவப்பு மங்காமல் இருந்தது. ஸ்ரீதேவியின் முகம் மாறியது. மேஜையில் கிண்ணம் இல்லை, ரிசார்ட் சுருட்டு வாங்கியதற்கான சீட்டும் இல்லை. கிரிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யாருது இது?”

அலை ஒன்று வந்து திரும்பிப் போகிற அளவுக்கு ஜெரோம் காத்திருந்தான். கிரிதர் சொல்வார் என்று நம்பினான். சத்தியமாக நம்பினான். அவர் முட்டிக்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்னுதுதான் மேடம்” என்றான் ஜெரோம்.

“நீங்க ஸ்மோக் பண்ணவே மாட்டீங்களே!”

“இன்னிக்கு... பண்ட்டேன் மேடம்.”

அவள் நம்பினாளோ இல்லையோ, விருந்தாளிகள் முன்னால் வேறு வழி இல்லை. குரலைத் தாழ்த்தினாள். “டியூட்டியில, கெஸ்ட் முன்னாடி. திங்கக்கிழமை வரைக்கும்னுதானே சொன்னேன்? ஐடி கார்டைக் கழட்டி என் டேபிள்ல வெச்சிட்டு, வெளிய வெயிட் பண்ணுங்க.”

அவ்வளவுதான். இத்தனை வருஷம், பதினோரு பதினோரு மாதமாக ஓட்டியது, இந்த அரை விரல் புகையிலையில் முடிந்தது. கழுத்துப் பட்டையைப் பிடிக்க ஜெரோம் இடது கையை உயர்த்தினான்.

“அம்மா, இரு.” வேதாந்தம் தடியை ஊன்றினார். “அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாதே. அது என்னோடது.”

ஸ்ரீதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாமம், துளசி மணி, பஞ்சகச்சம். “சார், உங்களுதா?”

“என்னோடதுதான். நான்தான் கொஞ்சம் பிடிச்சிண்டிருன்னு அவன்கிட்ட குடுத்தேன்.” பொய் சொல்லிப் பழகாத வாய், வார்த்தை ஒவ்வொன்றும் தடுக்கித் தடுக்கி விழுந்தது. அவர் ஜெரோமை நோக்கிக் கையை நீட்டினார். “குடுப்பா.”

கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வேலை பிழைக்கும், திங்கட்கிழமை ஆர்டர் வரும், யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஜெரோமுக்கு அது புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. இந்தப் பெரியவர் மாடிப்படியில் முப்பது வருஷம் கனைத்தது எதற்கோ, அதற்குத்தான் இப்போது பொய்யும் சொல்கிறார். நாளைக்கு எண்பது நிறைகிற மனுஷன், வாழ்நாளில் தொடாத கருமத்தைத் தன்னுடையது என்று ஊரார் முன்னால் ஏற்கிறார். கிரிதருக்காக இரண்டு பேர் வேகிறோம், அவர் மணலைத் தட்டுகிறார். ஜெரோமுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, காதெல்லாம் அடைத்துக்கொண்டது.

பெரியவர் கையைத் தாண்டி அவன் ஓர் எட்டு வைத்தான். மேஜைக்குக் கீழே குனிந்து கிண்ணத்தை எடுத்து, கிரிதருக்கு முன்னால், அவருடைய வலது கைப்பக்கமாக வைத்தான். சுருட்டைச் சரியாகத் திருப்பி, நெருப்பு உள்ளே பார்க்க, பள்ளத்தில் சாய்த்தான். பம்பாய்க்காரர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

“சார், உங்களுது இன்னும் அணையல” என்றான்.

கிரிதரின் முகத்தில் இரத்தம் ஏறியது. அவர் அப்பாவைப் பார்த்தார், ஸ்ரீதேவியைப் பார்த்தார். பிறகு கிண்ணத்துக்குள் பார்த்தார். அங்கே புகை நேராக எழுந்து அவர் முகத்துக்கே வந்துகொண்டிருந்தது. ‘என்ன உளறுகிறாய்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜெரோம் ஒழிந்தான். அவன் சொல்லையா ஒரு மேனேஜர் எடுத்துக்கொள்வாள்? அது ஜெரோமுக்கும் தெரியும், கிரிதருக்கும் தெரியும். உதடு பிரிந்தது, மூடியது.

வேதாந்தம் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

அந்தக் கையைத்தான் கிரிதர் கடைசியில் பார்த்தார். மெல்லப் பிடித்து, அவர் மடியிலேயே திரும்ப வைத்தார். “என்னோடதுதான் மேடம்” என்றார். “நான்தான் பிடிச்சிண்டிருந்தேன். அப்பா வந்ததும் இவர் வாங்கி மறைச்சுட்டார். இவர் மேல ஒரு தப்பும் இல்லே.”

ஸ்ரீதேவி மூச்சை விட்டாள். பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டு, “ஒடம்புக்கு ஆகாதுடா” என்று மட்டும் சொன்னார். கேட்பதற்குத் திட்டுகிற மாதிரி இல்லை. கிரிதர் சிறு பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

உள்ளே அழைத்துப் போய் ஸ்ரீதேவி ஐஸ் வைத்த துணியைக் கொடுத்தாள். அவனை நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள். “ஆர்டர்ல மாத்தம் இல்ல. ஆனா கெஸ்ட் கையில இருந்து சிகாரைப் பிடுங்கினதுக்கு ஒரு வார்னிங் போட்டுத்தான் ஆகணும். அது ரூல்.” பிறகு மெதுவாக, “டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள்.

ஜெரோம் டாக்டரிடம் போகவில்லை. மனைவி ரூத் திருப்போரூரில் ஒரு கிளினிக்கில் கட்டுப் போடுகிற வேலைதான் பார்க்கிறாள். காலையில் சன்னலோரம் உட்காரவைத்து, அவன் கையைத் தன் மடியில் விரித்துப் பார்த்தாள். நடுவில் காசு அளவுக்குத் தோல் உரிந்து, சுற்றிலும் கொப்புளம் கட்டியிருந்தது. நடந்ததையெல்லாம் அவன் சொன்னான். வேலை தப்பித்ததைக் கடைசியில் சொன்னான். அவள் மருந்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சை வைத்துச் சுற்றி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“பொய்யி சொன்ன, அது கெடக்கட்டும். அதுக்கு முன்னாடி நடந்தத ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளுக்கு அது அப்பா. அவுரு பயந்தாரு, செரி. நீ இன்னாத்துக்கு பயந்த?”

“நா எங்க பயந்தேன்? கை தானா போச்சி.”

“தானா எப்டி போவும்? அந்தப் பெரியவர ஒனக்கு முன்ன பின்ன தெரியுமா?”

ஜெரோம் கட்டைப் பார்த்தான்; அப்பாவுக்குத் தழும்பு இருந்த அதே இடம். கட்டுப் போட்ட கை அவள் மடியிலேயே கிடந்தது. மணலில் நடந்து வந்த அந்த மனுஷனை அவன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.